தேயிலை: மரமாக வளர விடாத மரம்

நீலகிரியிலோ வால்பாறையிலோ சாலையோரம் நின்று பார்த்தால் தேயிலை ஒரு குத்துச்செடி. இடுப்பளவு உயரம், மட்டமாக வெட்டிவிட்ட தலை, மலைச்சரிவு முழுக்க ஒரே பச்சை. ஆள் தொடாமல் விட்டுப் பாருங்கள், அது செடியாக இருக்காது. பெரிய இலை வகை பத்துப் பதினைந்து மீட்டர் உயரத்துக்கு மரமாகவே போய்விடும். பராமரிப்பு நின்றுபோன தோட்டங்களில் இதை நேரிலேயே பார்க்கலாம். நாலைந்து வருடத்தில் செடிகள் ஆள் உயரம் தாண்டி, வெள்ளைப் பூ பூத்து, காய் பிடித்து, உள்ளே நடக்க முடியாத புதராகிக் கிடக்கும்.

தேயிலை வளர்ப்பைப் புதிதாகத் தெரிந்துகொள்ள நினைப்பவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். நாற்று நடுவது, நுனி வெட்டுவது, கொழுந்து பறிப்பது, கவாத்து செய்வது (சில வருடத்துக்கு ஒருமுறை செடியைக் கீழே இறக்கி வெட்டுவது), உரம் போடுவது என்று பத்து வேலை இருந்தாலும் நோக்கம் ஒன்றுதான். மரமாகப் போக முயலும் ஒன்றை எந்நேரமும் தளிர் விட்டுக்கொண்டே இருக்க வைப்பது. உயரக் கூடாது, பூக்கக் கூடாது, காய்க்கக் கூடாது. மாமரத்தில் பூ வந்தால் மனசு நிறையும். தேயிலையில் பூ அதிகமாக வந்தால், செடி வறட்சியிலோ பசியிலோ இருக்கிறது என்று தோட்டக்காரர் கவலைப்படுவார்.

கொழுந்தில் அப்படி என்ன இருக்கிறது?

தேநீர் குடித்ததும் வரும் சுறுசுறுப்புக்குக் காரணம் கஃபீன். 1827-இல் தேயிலையிலிருந்து அதைப் பிரித்தபோது புதிதாக ஒரு பொருள் கிடைத்துவிட்டதென்று நினைத்து 'தீன்' என்று பெயர் வைத்தார்கள். காப்பிக்கொட்டையில் இருப்பதும் இதுவும் ஒன்றேதான் என்று 1838-இல் தெரிந்துபோனது.

செடிக்கு எதற்குக் கஃபீன்? நமக்காக இல்லை. இளந்தளிர் மென்மையானது, புழு பூச்சிக்கு நல்ல தீனி. அதனால் செடி தன் கசப்பையும் கஃபீனையும் அங்கேதான் அதிகமாகச் சேர்த்து வைக்கிறது. உலர்ந்த எடையில் கணக்குப் பார்த்தால் கொழுந்தில் 3 முதல் 4 சதவீதம் கஃபீன் இருக்கும். முற்றிய இலையில் அது நன்றாகக் குறைந்துவிடும். 'இரண்டு இலை, ஒரு மொட்டு' என்று பறிப்பதற்கு இதுதான் அடிப்படை. அதற்குக் கீழே இறங்கி நாலாவது ஐந்தாவது இலை வரை உருவினால் எடை கூடும், தேநீர் சப்பென்று ஆகும்.

தேநீரின் இன்னொரு குணம் தியனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து வருகிறது. லேசான இனிப்பும் கஞ்சி போன்ற ஒரு நிறைவும் தருவது அது. வேரில் உருவாகித் தளிருக்கு ஏறும். வெயில் பட்டால் அதில் ஒரு பங்கு துவர்ப்புப் பொருளாக மாறிவிடும். ஜப்பானில் உயர்ந்த ரகப் பச்சைத் தேயிலைக்கு, பறிப்பதற்குச் சுமார் 20 நாள் முன்பிருந்தே செடிகளுக்கு மேல் பந்தல் போட்டு நிழல் கட்டுவது இதற்காகத்தான்.

விதையா, பதியனா

தாவரவியல் பெயர் கமேலியா சினென்சிஸ். இதில் முக்கியமாக இரண்டு வகை. சீன வகைக்கு இலை சிறியது, செடி குட்டை, குளிர் தாங்கும். அசாம் வகைக்கு இலை பெரிது, வளர்ச்சி வேகம் அதிகம், ஈரமும் வெப்பமும் வேண்டும். அசாமில் சிங்போ மக்கள் காலங்காலமாகப் பயன்படுத்திவந்த இந்தச் செடி 1823-இல்தான் ஆங்கிலேயர் கண்ணில் பட்டது. இன்று தோட்டங்களில் இருப்பவை பெரும்பாலும் இரண்டும் பல அளவில் கலந்தவை.

பழைய தோட்டங்கள் எல்லாம் விதையில் வந்தவை. விதையைத் தண்ணீரில் போட்டு, மூழ்குவதை எடுத்துக்கொண்டு மிதப்பதைக் கொட்டிவிடுவார்கள். விதையில் வந்த செடிக்கு ஆணிவேர் ஆழமாகப் போகும், வறட்சி தாங்கும். ஆனால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு குணத்தில் இருக்கும். ஒன்று நிறையத் தளிர்க்கும், பக்கத்தில் இருப்பது சோம்பிக் கிடக்கும்.

அதனால் இப்போது தண்டுக்குச்சியில் நாற்று எடுக்கிறார்கள். நன்றாகக் காய்க்கும் மாங்கிளையை ஒட்டுக்கட்டுவது போல, நல்ல தாய்ச் செடியை அப்படியே நகலெடுக்கும் வேலை. தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர்களின் சங்கமான உபாசியின் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாண்டியன், சுந்தரம், கோல்கொண்டா போன்ற ரகங்களும், இலங்கைத் தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் டி.ஆர்.ஐ. 2025-ம் இப்படிப் பெருகியவைதான்.

செய்முறை எளிது. தாய்ச் செடியில் ஓரளவு முற்றிய, இன்னும் பச்சை மாறாத கிளையை வெட்டி, ஒரு இலை, அதன் கக்கத்தில் ஒரு மொட்டு, கீழே விரல்கடை அளவு தண்டு என்று துண்டு துண்டாக நறுக்குவார்கள். பாலித்தீன் பையில் கீழே முக்கால் பங்கு மண் அதிகமான கலவை, மேலே கால் பங்கு மணல் அதிகமான கலவை. துண்டை அந்த மேல் அடுக்கில் செருகி, பாலித்தீன் கூடாரம் போட்டு ஈரத்தைப் பிடித்துவைத்தால் மூன்று மாதத்துக்குள் வேர் பிடிக்கும். பிறகு கூடாரத்தைச் சிறிது சிறிதாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். நடுவதற்குத் தயாராக மொத்தம் பத்து மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். இந்த நாற்றுக்கு ஆணிவேர் கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது. முதல் இரண்டு கோடையைத் தாண்டும்வரை அது தண்ணீருக்கு நம்மைத்தான் நம்பியிருக்கும்.

மண் சரியில்லை என்றால் மற்றது எதுவும் சரியில்லை

தேயிலை என்றாலே மலை, குளிர், மூடுபனி என்று ஒரு படம் மனதில் பதிந்துவிட்டது. அது பாதிதான் உண்மை. இந்தியாவிலேயே அதிகமாகத் தேயிலை விளையும் அசாம் பள்ளத்தாக்கு கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டர் சொச்சம்தான் உயரம். கோடையில் 35 டிகிரியைத் தாண்டும். இலங்கையில் பாதிக்கு மேற்பட்ட தேயிலை நுவரெலியாவில் விளைவதில்லை. இரத்தினபுரி, காலி, மாத்தறை பக்கத்துத் தாழ்நிலத்தில்தான் விளைகிறது. வெயிலைக் கண்டு தேயிலை செத்துவிடாது. அதைக் கொல்வது சுண்ணாம்பும், வறண்ட காற்றும், வேரில் தேங்கும் நீரும்.

தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும். அமில கார நிலை (pH) 4.5 முதல் 5.5 வரை இருப்பது நல்லது; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். நெல், சோளம், கத்தரி எல்லாம் தடுமாறும் அளவு அது. அவ்வளவு புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்கு வரும். மற்ற பயிர்களுக்கு அது விஷம், தேயிலை அதைச் சாதாரணமாக உறிஞ்சி இலைகளில் சேர்த்துக்கொள்ளும். மண் 6-ஐத் தாண்டினால் வேர் வேலை செய்வது குறையும், இரும்புச்சத்து ஏறாமல் இலை நரம்பு மட்டும் பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் மாறும். சரி, புளிப்பு வேண்டும் என்பதற்காக எல்லை மீறவும் விடக் கூடாது. அம்மோனியம் சல்பேட் போன்ற உரங்களை வருடக்கணக்கில் போட்டால் மண் மேலும் மேலும் புளிக்கும். அதனால்தான் மண்ணைப் பரிசோதித்து, கவாத்து செய்யும் வருடத்தில் டோலமைட் என்ற சுண்ணாம்பு வகைக் கல்தூளைத் தூவி ஓரளவுக்குச் சரிக்கட்டுகிறார்கள்.

மழை ஏராளமாக வேண்டும், ஆனால் பெய்த மழை வேரில் நிற்கக் கூடாது. சரிவு நிலம் பொருந்துவது இதனால்தான். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டக்கோட்டில் வரிசை பிடித்து நட்டு, இடையிடையே நீர் வடிய வாய்க்கால் வெட்டுவார்கள். மேலிருந்து கீழாக வரிசை போட்டால் ஒரு மழைக்காலத்திலேயே மேல்மண் ஓடைக்குப் போய்விடும். தமிழ்நாட்டில் இரட்டை வரிசை முறையில் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 13,000 செடிகள் நடுகிறார்கள். நடவுக்கு மே-ஜூன் அல்லது செப்டம்பர்-அக்டோபர், அதாவது இரண்டு பருவமழைகளில் ஒன்றின் தொடக்கம்.

மேசை கட்டுவது

நட்ட செடி நேராக மேலே போகத்தான் பார்க்கும். நுனி மொட்டு இருக்கும்வரை பக்க மொட்டுகளை அது அடக்கியே வைத்திருக்கும். ஆகவே நட்ட நாலைந்து மாதத்தில், கீழே எட்டுப் பத்து முற்றிய இலைகளை விட்டுவிட்டு நடுத்தண்டை வெட்டிவிட வேண்டும். மனசு வராது. ஆனால் அந்த வெட்டுக்குப் பிறகுதான் பக்கக் கிளைகள் கிளம்பும். அவை ஒரு மட்டம் தாண்டியதும் நுனி கிள்ளினால் மீண்டும் கிளை பிரியும். தமிழ்நாட்டில் வழக்கமாக 35 சென்டிமீட்டரில் ஒருமுறை, 60 சென்டிமீட்டரில் ஒருமுறை என்று இதைச் செய்கிறார்கள். இரண்டு மூன்று வருடத்தில் பக்கத்துச் செடியோடு தோள் உரசி, மேலே ஒரே பரப்பாக மேசை மாதிரி ஆகிவிடும். அந்தப் பரப்பு மூடிவிட்டால் களை வெயில் கிடைக்காமல் தானாகக் குறையும். அதுவரை களை எடுப்பதுதான் பெரிய செலவு.

பிறகு பறிப்பு. பருவத்தில் ஏழு முதல் பதினாலு நாளுக்கு ஒருமுறை அதே செடிக்கு வர வேண்டும். ஒரு கொழுந்தைக் கிள்ளிய இடத்தில், கீழே விட்ட இலையின் கக்கத்திலிருந்து அடுத்த கொழுந்து கிளம்பிப் பறிக்கும் அளவாக ஒன்றரை முதல் இரண்டரை மாதம் பிடிக்கும். உயரம் கூடக் கூட நாளும் கூடும். ஆனால் ஒரு செடியில் எல்லாக் கொழுந்தும் ஒரே வயதில் இருக்காது, அதனால்தான் சுற்றுச் சுற்றாகப் பறிப்பு. சுற்று தள்ளிப்போனால் கொழுந்து முற்றும். சில கொழுந்துகள் நுனி மொட்டு வளராமல் உறங்கிவிடும். அவற்றைக் கிள்ளி எடுத்தால்தான் அடுத்தது விழிக்கும்.

பறிப்பைச் சுலபமான வேலை என்று வெளியாட்கள் நினைப்பதுண்டு. பறிக்கும் பெண் ஒவ்வொரு கிள்ளலிலும் எதை எடுப்பது, எதை விடுவது, மேசை மட்டம் எங்கே உயர்கிறது என்று முடிவெடுத்துக்கொண்டே போகிறார். ஆள் பற்றாக்குறையில் இப்போது கத்தரிக்கோலும் இயந்திரமும் வந்துவிட்டன. அவை வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் பிஞ்சு, முற்றல், தாய் இலை என்று பார்க்காமல் ஒரே மட்டத்தில் சீவும். வருடம் முழுக்கக் கத்தரியே போட்டால், சாப்பாடு தயாரிக்கும் இலை குறைந்து செடி இளைத்துப்போகும். நெருக்கடியான மாதங்களில் மட்டும் கத்தரி, மற்ற நேரம் கை என்று வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கவாத்து

இதைப் பார்த்துப் பயப்படாத புதியவர் கிடையாது. இலையும் கிளையுமாக இருந்த தோட்டம் ஒரு வாரத்தில் வெறும் குச்சிகளாக நிற்கும். செத்துவிட்டதா என்று கேட்பார்கள்.

ஏன் செய்கிறார்கள்? ஒவ்வொரு பறிப்பிலும் மேசை கொஞ்சம் கொஞ்சம் உயரும். மேல் கிளைகள் முடிச்சு முடிச்சாகித் தளிர் சிறுத்து, உறங்கும் மொட்டுகள் பெருகும். செடி கிழமாகி மரக்குணம் தலைதூக்கும் நேரம் அது. அப்போது கீழே இறக்கி வெட்டினால், பழைய தண்டில் உறங்கிக் கிடந்த மொட்டுகள் விழித்துப் புதுக் கிளைகளாக எழும். வயது பின்னோக்கிப் போவது போலத்தான். நீலகிரியிலும் இலங்கையிலும் நூறு வயது தாண்டிய செடிகள் இன்றும் கொழுந்து கொடுப்பது இதனால்.

வழக்கமாக நாலு முதல் ஆறு வருடத்துக்கு ஒருமுறை கவாத்து. தாழ்ந்த இடத்தில் சீக்கிரம், உயர்ந்த இடத்தில் தாமதமாக. எவ்வளவு உயரத்தில் வெட்டுவது என்பது செடியின் நிலையைப் பொறுத்தது. நோயும் பட்டையும் பிடித்த கிழச் செடியைத் தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்கும், ஆரோக்கியமான செடியை 60 சென்டிமீட்டர் சுமாருக்கும் இறக்குவார்கள். வெட்டு சாய்வாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும், சாய்வு செடியின் உள்பக்கம் பார்க்க வேண்டும். கவாத்துக் கத்தி மொக்கையாக இருந்து கிளை பிளந்தால் அதன் வழியே அழுகல் உள்ளே இறங்கும். பெரிய வெட்டுக்காயங்களில் தாமிரப் பூஞ்சைக்கொல்லிப் பசை பூசுவதும் அதனால்தான்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, நான் படித்ததிலேயே மிகவும் பிடித்தது. இலையெல்லாம் போன பிறகு புதுத் தளிருக்குச் சாப்பாடு எங்கிருந்து வரும்? வேரில் சேர்த்து வைத்த மாவுச்சத்திலிருந்துதான். அது இல்லாத செடியைக் கவாத்து செய்தால் எழுந்திருக்காது. அதனால் வெட்டுவதற்கு முன்பு, பென்சில் தடிமனுள்ள வேர்த்துண்டு ஒன்றை எடுத்துக் குறுக்கே நறுக்கி அயோடின் கரைசல் தடவிப் பார்ப்பார்கள். கருநீலமாக மாறினால் மாவு இருக்கிறது, வெட்டலாம். நிறம் மாறாமல் மஞ்சளாகவே நின்றால் சில வாரம் பறிப்பை நிறுத்தி, செடியை ஓய்வெடுக்க விட்டு, பிறகுதான் கத்தி. பள்ளிக்கூட அறிவியல் சோதனைதான், ஒரு தோட்டத்தையே காப்பாற்றும்.

வெட்டிய கிளைகளை அப்படியே செடிகளின் மேலும் வரிசைகளின் நடுவிலும் போட்டுவிட வேண்டும். வெயில் நேராகப் பட்டுத் தண்டு வெந்துபோகாமல் இருக்கும், மட்கினால் மண்ணுக்குத் திரும்பும். விறகுக்கு எடுத்துப்போகும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அடுப்புக்கு வேறு வழி இல்லாதவர்களைக் குறை சொல்ல முடியாது, ஆனால் நிலத்துக்கு அது நட்டம்தான். கவாத்து முடிந்து மூன்று நாலு மாதத்துக்குக் கொழுந்து கிடைக்காது. சிறு விவசாயிகள் கவாத்தைத் தள்ளிப்போடுவது இதனால்தான். மொத்தத் தோட்டத்தையும் ஒரே வருடத்தில் வெட்டாமல் நாலைந்து பாகமாகப் பிரித்துச் சுழற்சியில் வெட்டினால் கை வறளாது.

இந்தக் கைத்திறனுக்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து குடும்பம் குடும்பமாக அனுப்பப்பட்ட தமிழர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசின் தேயிலைத் தோட்டங்கள், இன்றைய டான்டீ, உருவாகின. கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் கவாத்துக் கத்தி பிடிக்கும் கைகளில் பலவற்றுக்குப் பழக்கம் கடலுக்கு அந்தப் பக்கத்தில் தொடங்கியது.

நிழல், உரம், நோய்

தோட்டத்தின் நடுவே உயரமாக நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் அழகுக்கு இல்லை. கடும் வெயிலில் இலை சூடேறினால் ஒளிச்சேர்க்கை மந்தமாகும், லேசான நிழல் அதைத் தடுக்கும். வால்பாறை, கூடலூரில் அதே மரத்தில் மிளகுக்கொடியும் ஏற்றிவிடுகிறார்கள். மழைக்காலம் நெருங்கும்போது கிளைகளைக் கழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கீழே ஈரம் தங்கி நோய் வரும்.

உரத்தில் முதலிடம் தழைச்சத்துக்கு. அறுவடையே இலை என்பதால் வேறு எப்படி இருக்கும்? கூடவே சாம்பல்சத்து. மொத்தமாகக் கொட்டாமல் வருடத்தில் நாலைந்து தடவையாக, மண்ணில் ஈரம் இருக்கும்போது போட வேண்டும். துத்தநாகக் குறை தேயிலையில் சகஜம் என்பதால் அதை இலை வழியாகத் தெளிப்பார்கள்.

நோய்களில் தென்னிந்தியாவையும் இலங்கையையும் அலைக்கழித்தது கொப்புள நோய். அசாமில் முன்பே இருந்த இந்தப் பூஞ்சை 1946-இல் இங்கே வந்து சேர்ந்தது. மழைக்காலத்தில் இளம் இலையில் எண்ணெய் சொட்டியது போல ஒரு புள்ளி தெரியும், பிறகு ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் வெள்ளையாகப் புடைக்கும். முற்றிய இலையை அது தொடாது. மருந்து ஒருபுறம் இருக்கட்டும், பறிப்புச் சுற்றைத் தவறவிடாமல் இருந்தாலே நோய் பிடிக்கும் இலைகள் செடியில் தங்குவது குறையும்.

தேயிலைக் கொசு என்று ஒன்று உண்டு. கொசு இல்லை, சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. குத்திய இடமெல்லாம் பழுப்புப் புள்ளியாகித் தளிர் சுருண்டு கருகும். காய்ந்த மாதங்களில் செஞ்சிலந்தி வந்து இலையைச் செம்பு நிறமாக்கும், சாலையோர வரிசையில் புழுதி படிந்த செடிகளில்தான் முதலில் பார்க்கலாம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழுந்தால் ஒரே காலையில் மேல் இலைகள் கருகிவிடும். இளஞ்செடிகளைக் காய்ந்த புல், பெரணி போட்டு மூடுவதும், விடிவதற்குள் தெளிப்பான் போட்டுப் பனியைக் கரைப்பதும் வழக்கம். காட்டெருமைத் தொல்லை மட்டும் குறைவு. தோட்டத்துக்குள் மந்தையாக நிற்கும், தேயிலையைத் தின்னாது.

தொட்டியில் வளர்க்கலாமா?

பெங்களூரு, ஏற்காடு, கொடைக்கானலில் சிரமமில்லை. சென்னை, மதுரையில் முடியாது என்று சொல்ல மாட்டேன், கவனம் கூடுதலாக வேண்டும். ஒரு அடிக்குக் குறையாத ஆழமுள்ள, நன்றாக நீர் வடியும் தொட்டி. செம்மண், மட்கிய இலைக்குப்பை, கழுவிய தென்னைநார்க் கழிவு கலந்த கலவை. மாடித்தோட்டத்தில் பழக்கமாகப் போடும் சாம்பலும் முட்டை ஓட்டுத் தூளும் இதற்கு வேண்டவே வேண்டாம், இரண்டுமே மண்ணின் புளிப்பைக் கெடுக்கும். ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரும் அதையேதான் செய்யும். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவது நல்லது. காலை வெயில் போதும், பதினோரு மணிக்கு மேல் நிழல். இலை நரம்பு பச்சையாகவும் மற்றது மஞ்சளாகவும் மாறினால் மண் காரமாகிவிட்டது என்று பொருள். கொஞ்சம் கந்தகத்தூள் கலந்து பொறுத்திருங்கள்.

முதல் வருடம் குடிப்பதற்கென்று எதையும் பறிக்காதீர்கள், நுனி கிள்ளிக் கிளை மட்டும் பிரியுங்கள். இரண்டாம் வருடத்தின் பிற்பகுதியில் கொழுந்து கிடைக்க ஆரம்பிக்கும். பச்சைத் தேநீர் வேண்டுமென்றால் ஒன்றிரண்டு நிமிடம் ஆவியில் காட்டி, கையால் உருட்டி உலர்த்துங்கள். கறுப்புத் தேயிலைக்கு ஒரு இரவு வாட விட்டு, சாறு கசியும் வரை அழுத்தி உருட்டி, பழுப்பாகும் வரை இரண்டு மணி நேரம் ஈரத்துணிக்கடியில் வைத்து, பிறகு சூட்டில் உலர்த்த வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஏறக்குறைய ஒரு கிலோ தேயிலையாகும். ஹெக்டேருக்கு வருடம் 2,000 கிலோ எடுக்கும் தோட்டத்தில் 13,000 செடிகள் என்றால், ஒரு செடியின் பங்கு 150 கிராம் சொச்சம். கோப்பைக்கு 2 கிராம் வீதம் 75 கோப்பை. தினம் ஒரு கோப்பை சொந்தத் தேநீர் வேண்டுமென்றால் நிலத்திலேயே ஐந்து செடி வேண்டும், தொட்டியில் பத்தாவது வைத்துக்கொள்ளுங்கள்.